வல்லவரும் குழுவும்: ஸ்பெஷல் நாடகம் தரும் பாடம்

முன்னுரை

பலர் கூடி நடத்தும் எந்தக் கலையிலும் ஒருவர் மற்றவரினும் வல்லவராக இருப்பது இயற்கை. அவ்வன்மை குழுவுக்கு ஆக்கம் தருவதும் உண்டு. குழுவையே விழுங்கிவிடுவதும் உண்டு. தம் ஆற்றலை நிலைநாட்டுவதிலேயே கருத்தாயிருக்கும் ஒருவரை எவ்வாறு வழிப்படுத்துவது? நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் ஸ்பெஷல் நாடகம் இக்கேள்விக்கு நல்லதொரு விடை தருகிறது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேசை ஆட்டமும் மேடை நாடகமும்

1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற ஆட்டத்தை உருவாக்கி வெளியிட்டனர். மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்பர். நடுவர் ஒருவர் சூழ்நிலையைச் சொல்ல, எழுதிவைத்த வசனம் ஏதுமின்றி அவரவர் பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்ப்பர். ஐயத்திற்குரிய இடத்தில் பகடை முடிவு கூறும். இதில் சிலர் விதிகளை நுணுகிக் கற்றுத் தம் பாத்திரத்தின் வலிமையை மட்டுமே பெருக்கிக்கொள்வர். பிறகு ஏனையோர் செய்வதற்கு ஒன்றும் இராது. அவர்கள் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவர்.

ஸ்பெஷல் நாடகத்திலும் இதே நிலை எழக்கூடும். ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், பபூனும் ஆர்மோனியக்காரரும் மற்றும் வெவ்வேறு ஊர்களிலிருந்தும் தனித்தனியே ஒப்பந்தமாகி வருவர். ஒத்திகை கிடையாது, இயக்குநரும் கிடையாது. அன்றிரவே மேடையில் சந்தித்து, விடியும்வரை நாடகத்தை நடத்திச் செல்வர். மதுரை, காரைக்குடி போன்ற ஊர்களைப் போலவே புதுக்கோட்டையும் இக்கலைஞர்களுக்குச் சங்கம் அமைந்த ஊராகும்.

தர்க்கத்தில் எழும் இடர்

மிகுதியும் நடிக்கப்பெறும் 'வள்ளி திருமண'த்தையே எடுத்துக்கொள்வோம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். இருவருக்கும் தர்க்கம் மூள்கிறது. பாட்டுகள் பெரும்பாலும் முன்பே அமைந்தவை. தர்க்கமோ அவ்வப்போது பிறப்பது. புராணம், இலக்கியம், உலகியல் என எதுவும் அதில் வரலாம்.

நாரதராக வருபவர் பல்லாண்டுப் பழக்கமுடையவர் என்றும், வள்ளியாக வருபவர் மேடைக்குப் புதியவர் என்றும் கொள்வோம். அவர் கேள்விமேல் கேள்வியாக அடுக்கி இவரை வாயடைக்கச் செய்தால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் வள்ளி குன்றிவிடுவாள். நாரதரே போற்றிச் சென்று முருகனிடம் எடுத்துரைக்க வேண்டிய பெண்ணல்லவா அவள்? அவள் குன்றினால் கதையும் குன்றும். அந்நடிகையின் பிழைப்பும் இதில் அடங்கியுள்ளது. இன்றைய மேடையைப் பார்த்தே அடுத்த ஊரார் அழைப்பார்கள். எனவே மேடையில் ஒருவரைச் சிறுமைப்படுத்துவது அவருடைய சோற்றில் கைவைப்பதாகும்.

சுவாமிகள் கண்ட வழி

'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' முதலியவற்றை இயற்றிய சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) புதுக்கோட்டைக்கு உரிமையுடையவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையிடம் இசை பயின்றவர். அவர் எமன் வேடம் தாங்கி வந்தபோது அதன் கடுமை கண்டு ஒரு கர்ப்பிணிப் பெண் அதிர்ச்சியுற்றுக் கருச்சிதைந்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதைக் கைவிட்டார் என்றும் சொல்வர். ஆற்றல் மிக்கவர் தம் ஆற்றலின் விளைவையும் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

வயது வந்த நடிகர்கள் கட்டுப்பாடின்றி நடப்பதைக் கண்ட சுவாமிகள், சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்த முற்பட்டார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்தார். பாடம், ஒத்திகை, ஒழுங்கு ஆகியவற்றால் நடிகரை அடக்குவது ஒரு வழி. ஆனால் ஒத்திகைக்கே இடமில்லாத மேடையில் அவ்வழி செல்லாது. அங்கு வேறு முறைகள் வேண்டும்.

மேடை கற்பிக்கும் முறைகள்

முதலாவது, கதையின் எல்லை. நாரதர் எவ்வளவு வென்றாலும் வேடன் வரவேண்டும், விருத்தன் வரவேண்டும், யானை வரவேண்டும், விடிவதற்குள் திருமணம் முடியவேண்டும். இது கலைஞர் அனைவரும் அறிந்தது, ஊராரும் அறிந்தது. ஆகவே ஒருவரை நிறுத்த மற்றொருவர் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை, கதையே நிறுத்துகிறது.

இரண்டாவது, ஆர்மோனியக்காரரின் பொறுப்பு. அவர் போட்டியில் இல்லாதவர்; ஆயினும் நாடகம் முழுவதும் அறிந்தவர். தர்க்கம் அளவுக்கு மிஞ்சும்போது அடுத்த பாட்டுக்குரிய சுருதியை எழுப்பினால் போதும். நடிகர் பாட்டுக்கு வந்தாக வேண்டும். அதில் கண்டிப்பும் உண்டு, அவமதிப்பு இல்லை. மேசை ஆட்டத்தின் நடுவரும் இவ்வாறே அடுத்த காட்சியைத் தொடங்கி, இதுவரை பேசாதவரை நோக்கி, "நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்கலாம்.

மூன்றாவது, வன்மைக்கு ஒரு கடமை தருதல். எதிராளியின் திறமை வெளிப்படுமாறு கேள்வி கேட்பது வாயடைக்கக் கேட்பதினும் அரிது. அவ்வரிய வேலையை வல்லவரிடம் ஒப்படைக்க வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பாவின் எட்டாத குரலுக்கு ஈடாக நின்று பாடியவர் கே. பி. சுந்தராம்பாள். ஒருவர் குரல் மற்றவர் குரலை உயர்த்தியதாலன்றோ அவ்விணையின் புகழ் இன்றும் நிலைத்திருக்கிறது!

நான்காவது, தனியே பேசுதல். அரிதாரம் பூசும் கொட்டகையிலேயே, "இன்ன பொருளில் தர்க்கம் செய்வோம், இவ்வளவில் நிறுத்துவோம்" என்று பேசிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். மேடையில் வைத்துத் திருத்தினால் அவர் தம் மானத்தைக் காக்க மேலும் முறுக்கிக்கொள்வார்.

தவிர்க்க வேண்டிய வழி

வல்லவரை மடக்க அவரினும் வல்லவரைக் கொண்டுவருவது பலருக்கும் தோன்றும் வழி. மேசை ஆட்டத்தில் நடுவர் பகைவரின் வலிமையைக் கூட்டுவதும் இதுவே. இதனால் விளைவது என்ன? வல்லவர் தாக்குப்பிடிப்பார், மெலிந்தவரே முதலில் வீழ்வார். யாரைக் காக்க எண்ணினோமோ அவரே அடிபடுவார்.

இன்னொன்றையும் பகுத்தறிய வேண்டும். கலையில் உள்ள ஆசையால் மிஞ்சுபவர் ஒரு வகை. பிறரைச் சிறுமைப்படுத்துவதில் இன்பம் காண்பவர் மற்றொரு வகை. முன்னவருக்குப் பெரிய பொறுப்பைத் தரவேண்டும். பின்னவருக்கு எல்லையைத் தெளிவாகச் சொல்லவேண்டும்; சொல்லியும் கேளாராயின் அடுத்த முறை அவரை அழைக்காதிருப்பதே முறை. ஓரிரவு ஒப்பந்தமாகிய ஸ்பெஷல் நாடகத்தில் இதற்கும் வழியுண்டு.

முடிவுரை

நம் கல்லூரியின் நாடகக் குழுவிலும், பேச்சு மன்றத்திலும், வகுப்பறைக் கலந்துரையாடலிலும் இந்நிலை இல்லாமலில்லை. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்துள்ள மாணவர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வாய் திறக்கத் தயங்கும் அந்தச் சிறுபொழுதில், சரளமாகப் பேச வல்லவர் புகுந்து முடித்துவிடுகிறார். அவரை வெறுப்பதாலோ அவர் வாயை அடைப்பதாலோ பயனில்லை. மற்றவர் பேசுவதற்கு வாயில் திறந்துவிடும் வேலையை அவருக்கே தருவோம். நாரதரின் வெற்றி வள்ளியின் விடையில் இருக்கிறது. இதனை வல்லவர் உணருமாறு செய்வதே குழுவை நடத்துவோரின் கடமையாகும்.