பீடிக்கு ஒரு கணக்கு, சிகரெட்டுக்கு ஒரு கணக்கு

மத்திய பட்ஜெட் வந்தால் நம் வீடுகளில் முதல் பேச்சு வருமான வரி. அடுத்தது சிகரெட் விலை. பீடியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. என்னால் அப்படி விட முடிவதில்லை. நான் திருநெல்வேலிச் சீமைக்காரன். அம்மா மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றிய காசில் படித்தவன்.

2016-17ல் நடந்த கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தோர் 100 பேரில் ஏறத்தாழ 8 பேர் பீடி பிடிப்பவர்கள். சிகரெட் பிடிப்பவர்கள் 4 பேர். இந்த மும்பையில் மூட்டை சுமப்பவர்களின் காதில் செருகியிருப்பது எது என்று பாருங்கள், தெரியும்.

வரியோ நேர்மாறு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இரண்டுக்கும் 28 சதவிகிதம்தான். ஆனால் சிகரெட்டுக்கு அதன் நீளத்தைப் பொறுத்து, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று செஸ்ஸும் சேர்ந்தது. பீடிக்கு அது இல்லை. 28 பெரிதாகத் தோன்றும். கணக்குப் போடுவோம். 100 ரூபாய்ச் சரக்குக்கு வரி 28, ஆக விலை 128. விலையில் வரியின் பங்கு 22 சதவிகிதம்கூட இல்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது 75. 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் சிகரெட்டை 40க்கு ஏற்றவும் பீடியை 18க்கு இறக்கவும் முடிவு செய்தது. 18 என்றால் பங்கு சுமார் 15தான்.

"ஏழை பிடிப்பதற்கு வரியா?" என்று கேட்பார்கள். உலக வங்கி 1999ல் வெளியிட்ட அறிக்கை, விலை 10 சதவிகிதம் ஏறினால் பணக்கார நாடுகளில் புகைப்பது சுமார் 4 சதவிகிதமும் மற்ற நாடுகளில் சுமார் 8 சதவிகிதமும் குறையும் என்றது. கையில் காசு குறைந்தவன்தான் முதலில் விடுகிறான். மலிவு விலை அவனுக்குக் காட்டும் இரக்கமல்ல. நுரையீரல் கெட்டால் ஆஸ்பத்திரிக்குக் கடன் வாங்குபவனும் அவன்தான். விட முடியாதவன் அரிசிக் காசில் கைவைப்பான் என்பதும் உண்மை, அதை மறைக்கக் கூடாது.

சுற்றுகிறவர்கள் கதை வேறு. 1976ல் பீடித் தொழிலாளர் நலனுக்கென்றே பீடி மீது ஒரு செஸ் போட்டார்கள். மருந்தகம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை எல்லாம் அந்த நிதியில் நடந்தன. நான் நோட்டு வாங்கியதும் அதில்தான். ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தச் செஸ்ஸை எடுத்துவிட்டார்கள்.

போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, இன்னும் பீடி சுற்றும் சித்தியிடம் வரி 18க்கு இறங்கும் செய்தியைச் சொன்னேன். "அப்போ ஆயிரத்துக்குக் கூலி கூடுமாய்யா?" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.