மண்ணால் நிலைக்கும் மரபு

மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள மாலி நாட்டின் ஜென்னே நகரில், வெயிலில் உலர்த்திய மண்கற்களால் ஆன பெரிய மசூதி ஒன்று உள்ளது. தற்போதைய கட்டடம் 1907-இல் கட்டி முடிக்கப்பட்டதாகும். மழையில் மண்பூச்சு கரைவதால், ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் ஊரார் திரண்டு அதனைப் புதுப்பிக்கின்றனர். ஆற்று வண்டலும் உமியும் கலந்த சேற்றை இளைஞர்கள் கூடைகளில் சுமந்து வர, பெண்கள் நீர் கொணர்கின்றனர். சுவரில் நீட்டி நிற்கும் பனைமரச் சட்டங்களே கொத்தர்களுக்குச் சாரமாகின்றன.

ஜென்னேயின் பழைய நகரப் பகுதிகள் 1988-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. 2012-இல் மூண்ட உள்நாட்டுப் போரினால் பயணிகளின் வரவு குன்றியது. 2016-இல் அந்நகரம் அபாயத்திலுள்ள பாரம்பரியங்களின் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. பூசும் கைகள் ஓய்ந்தால் சுவர்கள் நில்லா. ஆதலின் கொத்தர்களின் கைத்திறனையும் ஊராரின் கூட்டுழைப்பையும் பேணுவதே இங்குப் பாரம்பரியப் பாதுகாப்பின் முதற்பணியாகும்.