ஒரு தரவுக்கு ஒரு வீடு

இணையப் பக்கம் திரையில் ஒன்றாகத் தெரிந்தாலும் அது பல கூறுகளால் ஆனது. மேற்பட்டை ஒரு கூறு, பட்டியல் ஒரு கூறு, பட்டியலிலுள்ள பொத்தானும் ஒரு கூறு. இவை தமக்குள் தரவைப் பகிர்வது எப்படி? பேஸ்புக் நிறுவனம் 2013இல் பொதுப் பாவனைக்கு வெளியிட்ட ரியாக்ட்டைக் கொண்டு பார்ப்போம், தோழியரே.

புத்தகம் விற்கும் தளமொன்றின் மேற்பட்டையில் 'கூடையில் 2' என்றிருக்கிறது. பட்டியலில் 'சேர்' என்ற பொத்தானை அழுத்துகிறோம். மேற்பட்டையும் பட்டியலும் தனித்தனியே எண்ணிக்கை வைத்திருந்தால், ஒன்று 3 என்னும். மற்றது 2 என்றே நிற்கும். வாங்க வந்தவர் எதை நம்புவார்?

இது வெறும் கற்பனையன்று. பேஸ்புக்கிலேயே ஒரு காலத்தில் புதிய செய்தி இருப்பதாக எண் காட்டும். திறந்தால் ஒன்றும் இராது. திருத்தத் திருத்த அவ்வழு திரும்பி வந்தது. அந்நிறுவனப் பொறியியலாளர்களே 2014இல் இதனை விளக்கி, தரவு ஒரே திசையில் செல்லும் 'ஃபிளக்ஸ்' முறையை முன்வைத்தனர்.

ரியாக்ட்டில் தீர்வு எளிது. எண்ணிக்கையை இரு கூறுகளுக்கும் பொதுவான தாய்க்கூறிடம் மட்டும் வைக்க வேண்டும். தாய் அதனைப் 'புரொப்ஸ்' வழியே பிள்ளைகளுக்குக் கொடுக்கும். பிள்ளை அதைக் காட்டலாம்; தானாக மாற்றக் கூடாது. மாற்ற வேண்டுமாயின், தாய் கொடுத்துவைத்த சார்பொன்றை அழைக்க வேண்டும். தாய் எண்ணிக்கையை மாற்றியதும் இரு பிள்ளைகளும் புதிய எண்ணைக் காட்டும். தரவு மேலிருந்து கீழே வருகிறது. வேண்டுகோள் கீழிருந்து மேலே போகிறது.

தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் பல கூறுகள் இருந்தால்? தமக்குத் தேவையில்லாத தரவை அவையெல்லாம் சுமந்து கைமாற்ற வேண்டிவரும். அதைத் தவிர்க்க 'கொன்டெக்ஸ்ட்' உண்டு. தாய் ஒருமுறை வழங்கினால், எத்தனை படி கீழே இருக்கும் பிள்ளையும் நேரே பெற்றுக்கொள்ளலாம். இதன் இன்றைய வடிவம் 2018இல் 16.3 பதிப்புடன் வந்தது. மொழித் தெரிவு, பக்கத்தின் நிறம், உள்நுழைந்தவரின் பெயர் போன்றவற்றுக்கு இது பொருந்தும். எல்லாவற்றுக்கும் இதையே பயன்படுத்தினால், எந்தக் கூறு எதை நம்பியிருக்கிறது என்பது மறைந்துவிடும்; அக்கூறை வேறிடத்தில் பயன்படுத்துவதும் கடினமாகும்.

ஒரே விபரத்தைப் பல அட்டவணைகளில் எழுதினால் முரண்பாடு வரும் எனத் தரவுத்தளப் பாடத்தில் படிக்கிறோமல்லவா? இங்கும் அதே நியதிதான். ஆகவே நிரல் எழுதமுன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இத்தரவு யார் யாருக்குத் தேவை? அவர்கள் அனைவருக்கும் மிக அருகிலுள்ள பொதுத் தாய் யார்? தரவின் வீடு அங்கேதான்.