எந்திரத்தைப் படம் எடுங்கள், பெயரை எழுதி வையுங்கள்

படம் எடுப்பது பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. சிலர் பூவை எடுப்பார்கள். சிலர் மலையை எடுப்பார்கள். இன்னும் சிலர் எந்திரங்களைத் தேடிப் போய்ப் படம் எடுப்பார்கள். ரயில் என்ஜின், மாவு மில், தையல் மிஷின், கிணற்று மோட்டார் எதையும் விட மாட்டார்கள்.

எந்திரத்தில் பார்க்க என்ன இருக்கிறது?

எந்திரம் உழைக்கிறது. அதன் பக்கத்தில் மனிதரும் உழைக்கிறார். ஒரு காலத்தில் ஊரே நம்பி இருந்த எந்திரம் பிறகு காணாமல் போய்விடுகிறது. அது எப்படி இருந்தது, யார் ஓட்டினார்கள் என்பதும் மறந்து போகிறது. அதனால்தான் படம் வேண்டும்.

ஊரில் உள்ள எந்திரங்கள்

ராமகுப்பம் சித்தூர் மாவட்டத்தில் உள்ளது. ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் மூன்றும் சேரும் பக்கம் இது. தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் இந்தப் பக்கம் காதில் விழும்.

இது போன்ற ஊரில் எந்திரத்துக்குக் குறைவில்லை. மாவு மில்லில் பெல்ட் ஓடும். கரும்பு ஆலையில் உருளைகள் சுற்றும். போர் கிணற்றில் மோட்டார் தண்ணீரைத் தள்ளும். பட்டுக் கூட்டில் இருந்து நூல் எடுக்க ராட்டை உண்டு. டிராக்டர் உண்டு. தினமும் பார்ப்பதால் இவை கண்ணில் படுவதே இல்லை.

கவலை இறைத்த காலத்தில் அதையும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இன்று கவலையைப் பார்க்க வேண்டும் என்றால் பழைய படத்தில்தான் பார்க்க வேண்டும்.

ஆயாவும் பேரனும்

ஒரு வீட்டுப் பெட்டியில் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. பேரன் அதை எடுத்து வந்தான்.

“ஆயா, இது என்ன? இரண்டு மாடு சரிவிலே இறங்குது. பின்னாடி கயிறு. கயிற்று மேலே ஒருத்தர் உட்கார்ந்திருக்கார்.”

“அது கவலைடா கண்ணு. மாடு முன்னாலே போனால் கிணற்றில் இருந்து சால் மேலே வரும். தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். மாடு பின்னாலே நடந்தால் சால் கீழே இறங்கும். விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும் வரை இறைப்பாங்க.”

“கயிற்று மேலே இருக்கிறது யாரு?”

“உன் தாத்தாதான். நீ பிறக்கும் முன்னமே போய்ச் சேர்ந்துட்டார். பட்டணத்தில் இருந்து வந்த ஒருத்தர் ஆசைப்பட்டு எடுத்துக் கொடுத்த படம் இது.”

பேரன் போட்டோவைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இதிலே ஒண்ணும் எழுதலையே ஆயா. நீ சொல்லலைன்னா எனக்கு எப்படித் தெரியும்?”

ஆயா யோசித்தாள். அந்தப் படத்தில் இருப்பவரைத் தெரிந்தவர் வீட்டில் அவள் ஒருத்திதான். அவளும் இப்போதுதான் எழுதப் படிக்கக் கற்றிருந்தாள். பென்சிலை எடுத்தாள். ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்: “கவலை. எங்கள் கிணறு. ஓட்டுபவர் என் வீட்டுக்காரர்.” அவர் பெயரையும் எழுதினாள்.

தங்கவயலின் சக்கரங்கள்

ராமகுப்பத்துக்கு மேற்கே, கர்நாடகத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. தமிழ்ப் பக்கத்தில் இருந்தும் சித்தூர்ப் பக்கத்தில் இருந்தும் பல குடும்பங்கள் அங்கே வேலைக்குப் போயின. 1880இல் ஆங்கிலேயக் கம்பெனி அங்கே பெரிய அளவில் சுரங்க வேலையைத் தொடங்கியது. 1902இல் காவிரி ஆற்றின் சிவசமுத்திரத்தில் இருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் போனது.

சுரங்கத்தின் வாயில் மேலே உயரமான இரும்புக் கோபுரம் நிற்கும். அதன் உச்சியில் பெரிய சக்கரம் இருக்கும். எந்திர அறையில் இருந்து வரும் இரும்புக் கயிறு அந்தச் சக்கரத்தின் மேல் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்கும். கயிற்றின் முனையில் கூண்டு. தொழிலாளர்கள் கூண்டில் ஏறித்தான் கீழே போவார்கள். வெட்டிய கல்லும் கயிற்றின் வழியாகத்தான் மேலே வரும். சக்கரம் சுற்றினால் சுரங்கம் உயிரோடு இருக்கிறது என்று பொருள்.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. சக்கரங்கள் நின்றன. சக்கரம் சுற்றிய நாளில் எடுத்த படம் ஒன்று யார் வீட்டிலாவது இருந்தால், அது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய சொத்து. அதில் ஆண்டும் சுரங்கத்தின் பெயரும் எழுதி இருந்தால் ஊருக்கே சொத்து.

ஜெர்மனியில் ஒரு தம்பதி

ஜெர்மனி நாட்டிலும் இப்படிச் சுரங்கங்கள் மூடப்பட்டன. கோபுரங்களை இடித்தார்கள். பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்ற கணவன் மனைவி இதைப் பார்த்தார்கள். 1959 முதல் இருவரும் சேர்ந்து சுரங்கக் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, இரும்பு உலை ஆகியவற்றைப் படம் எடுத்தார்கள். பல ஆண்டுகள் இதே வேலையாக இருந்தார்கள்.

அவர்கள் முறை எளியது. மேகம் மூடிய நாளில் எடுப்பார்கள். அப்போது நிழல் கறுப்பாக விழாது. எந்திரத்துக்கு நேராக நிற்பார்கள். முழு உருவமும் தெரியும்படி எடுப்பார்கள். எங்கே, எந்த ஆண்டு என்று குறித்து வைப்பார்கள். அவர்கள் எடுத்தவற்றில் பல இன்று இல்லை. படம் மட்டும் இருக்கிறது.

இன்றும் ஓடும் நீராவி ரயில்

இந்தியாவில் அகல ரயில் பாதையில் நீராவி என்ஜின் ஓட்டம் 1995 டிசம்பரில் முடிந்தது. ஆனால் நீலகிரி மலையில், மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே, நீராவி என்ஜின் இன்றும் ஓடுகிறது. 1899இல் தொடங்கிய பாதை அது. ஏற்றம் அதிகம். அதனால் தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் உண்டு. என்ஜினின் பல் சக்கரம் அதைப் பிடித்துக்கொண்டு ஏறும். 2005இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமானது. முன்பு இந்த என்ஜின்கள் சுவிட்சர்லாந்தில் இருந்து வந்தன. பிறகு திருச்சி பொன்மலைப் பட்டறையிலேயே புதிதாகச் செய்தார்கள். படம் எடுப்பவர்கள் பலர் இந்த ரயிலைத் தேடி வருகிறார்கள்.

நன்றாக எடுக்க என்ன செய்யலாம்?

இப்போது கைபேசியிலேயே கேமரா இருக்கிறது. அதுவே போதும்.

1. காலையிலோ மாலையிலோ எடுங்கள். உச்சி வெயிலில் நிழல் பாதியை மறைத்துவிடும்.
2. முதலில் முழு எந்திரத்தையும் எடுங்கள். பிறகு அருகில் வந்து, வேலை செய்யும் பகுதியை எடுங்கள்.
3. ஓட்டுபவரும் படத்தில் இருக்கட்டும். எந்திரத்தின் அளவு அப்போதுதான் தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.
4. கை ஆடக்கூடாது. சுவரிலோ தூணிலோ சாய்ந்து நில்லுங்கள்.

ஜாக்கிரதை

ஓடும் பெல்ட்டின் அருகே போகாதீர்கள். சேலை முந்தானை, துண்டு, தலைமுடி சிக்கினால் ஒரு நொடியில் உயிர் போகும். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். மூடிய சுரங்கம், மின்சார நிலையம் போன்ற இடங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள். ஒரு படத்துக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

ஐந்து விவரங்கள்

படம் தானாகப் பேசாது. கைபேசி தொலைந்தால் படமும் போகும். ஆகவே முக்கியமான படத்தை ஒரு பிரதி போட்டு வையுங்கள். பின்பக்கம், ஓரத்தில், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். இந்த ஐந்தும் இருக்கட்டும்:

எந்திரத்தின் பெயர்.
அது செய்யும் வேலை.
ஊர்.
தேதி, ஆண்டு.
ஓட்டுபவரின் பெயர்.

இதற்கு ஐந்து வரி போதும். ஐம்பது ஆண்டு கழித்துப் படிப்பவருக்கு அந்த ஐந்து வரியும் வேண்டும்.

பதில் சொல்லுங்கள்

1. கவலையில் மாடு பின்னால் நடந்தால் சால் என்ன ஆகும்?
2. கோலார் தங்கவயல் எந்த ஆண்டு மூடப்பட்டது?
3. பெக்கர் தம்பதி மேகம் மூடிய நாளில் ஏன் படம் எடுத்தார்கள்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் இன்னும் பத்து ஆண்டில் மறைந்து போகும் என்று நீங்கள் நினைக்கும் எந்திரம் எது? அதை ஒரு படம் எடுங்கள். படம் எடுக்க வசதி இல்லை என்றால் நோட்டில் வரைந்து கொள்ளுங்கள். கீழே உள்ளதை நிரப்புங்கள்.

எந்திரம்: ............
வேலை: ............
ஊர்: ............
தேதி: ............
ஓட்டுபவர்: ............

எழுதியதை வீட்டில் உள்ள பெரியவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குத் தெரிந்த ஒரு பழைய எந்திரத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர் சொல்வதையும் எழுதி வையுங்கள்.