வெள்ளாட்டு மேய்ச்சலும் பயற்றினத் தீவனத்தின் முதிர்ச்சியும்

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லும், அதனூடே நரிப்பயறு, செப்புநெருஞ்சி முதலிய பயற்றினப் பூண்டுகளும், மேலே வெள்வேல மரமும், சுற்றிலும் கிளுவை வேலியும் அமைந்திருக்கும். ஒரே காட்டில் விட்டாலும் செம்மறியும் வெள்ளாடும் ஒரே இடத்தில் வாய் வைப்பதில்லை. செம்மறி தலை குனிந்து தரையை ஒட்டி மேயும். வெள்ளாடோ தலை மட்டத்திலுள்ள நுனிகளை முதலில் கொய்யும். எட்டாவிடில் முன்னங்கால்களைக் கிளையின்மேல் ஊன்றி நிற்கும். அதன் மேலுதடு அசைவு மிக்கதாகையால் முள்ளின் நடுவிலும் இலையை மட்டும் பிரித்தெடுக்க வல்லது.

இலையைத் தேடும் இக்குணமே அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க விஷயமாம். இளங்கொடியில் தண்டும் மிருதுவாயிருப்பதால் ஒரே கடியில் வாய் நிரம்பும். பூத்துக் காய் பிடித்த பின் தண்டில் நார் ஏறுகிறது. அடியிலைகள் பழுத்து உதிர்கின்றன. புரதச் சத்தும் குறைகிறது. அப்பொழுது ஆடு தண்டை விடுத்து, இலையையும் காயையும் ஒவ்வொன்றாகப் பொறுக்குகிறது. கடி சிறுத்து, நடை மிகுந்து, மேய்ச்சல் நேரம் நீளுகிறது. மாலையில் பட்டிக்குத் திரும்பும் ஆட்டின் இடப்பக்க வயிறு ஒட்டியிருக்கக் கண்டும், "காடு பச்சையாகத்தானே இருக்கிறது" என்பார் பலர். பச்சையாயிருப்பது தண்டு, ஆடு வேண்டுவது இலை.

அப்படியாயின் இளமையிலேயே மந்தை முழுவதையும் ஓட்டிவிடலாமோ எனின், அதுவும் கேடே. நரிப்பயறு விதை சிந்தினாலன்றி மறு மழைக்கு முளைக்காது. பூவோடு மேய்த்துவிட்டால், சங்கத்தில் கடன் பெற்று ஆடு வாங்கியவருக்கு இவ்வாண்டுத் தவணை எளிதில் தீரும். அடுத்த ஆண்டுத் தவணைக்குக் காட்டில் தீவனமிராது. செப்புநெருஞ்சி தரையோடு படர்வதால் வெள்ளாட்டுக்கு ஓரளவு தப்பும். செம்மறி மிகுந்தால் அதுவும் தப்பாது. ஆகையால் காட்டை மூன்று பங்காக்கி, ஆண்டுக்கொரு பங்கை முறைமாற்றி, காய் வெடித்து விதை சிந்தும் வரை அடைத்து வைத்தல் வேண்டும். பொதுக்காடாயின் இதைச் சங்கக் கூட்டத்தில் தீர்மானித்துக் கொள்ளாவிடில், ஒருவர் அடைத்ததை மற்றொருவர் மேய்ப்பார்.

கிணற்றடியில் குதிரைமசால் பயிரிடுவோர் வேறோர் எச்சரிக்கையும் கொள்ளவேண்டும். பசித்த ஆட்டை ஈரமுள்ள இளம்மசாலில் விட்டால் வயிறு உப்பிச் சாகவுங் கூடும். முன்னதாகச் சிறிது சோளத்தட்டுக் கொடுத்தல் நலம்.

கோடையில் வெள்வேலங்காய் ஆட்டுக்கு நல்ல உணவு. தழை வெட்டிப் போடுவோர் அதைத் தரையில் எறியாமல் தலை மட்டத்தில் கட்டித் தொங்கவிட வேண்டும். மண்ணும் மூத்திரமும் பட்ட தழையை வெள்ளாடு பெரும்பாலும் தொடாது. குட்டிகளுக்குத் தனியே தாழக் கட்டுக.