வெற்றிடப் பம்பு ஏன் இரைகிறது?

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளரை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை இடுக்கி எல்லையில் வாழும் நம்மவர் யாவரும் அறிவர். என் மாமாவும் அத்தகைய பழைய டீசல் ஜீப் ஒன்றை ஓட்டுகிறார். சென்ற விடுமுறையில் அவருடன் நானும் போனேன். எஞ்சினின் முன்பக்கத்தில் ‘கடகட’வென்று ஓயாத ஓசை. கேட்டதற்கு, “பழைய வண்டின்னா சத்தம் போடத்தான் செய்யும், மாப்பிள்ளை” என்றார்.

அன்று மாலை ஆட்களுடன் மலையிறங்கும்போது பிரேக் பெடல் கல்லைப்போல் இறுகிவிட்டது. மாமா கீழ்க்கியருக்கு மாற்றி, உடலின் பலமெல்லாம் காலில் கொடுத்து, வண்டியை ஓரங்கட்டினார். வண்டிக்குள் ஒருவரும் பேசவில்லை. காலையில் கேட்ட ஓசைக்கும் மாலையில் இறுகிய பெடலுக்கும் உறவு உண்டென்பதை அன்றுதான் அறிந்தேன்.

பம்பு எதற்கு?

பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வழியை ஒரு தகடு அடைத்தும் திறந்தும் அளவிடுகிறது. அதனால் உட்குழாயில் தானாகவே குறையழுத்தம் உண்டாகும். டீசல் எஞ்சின்களில் பெரும்பாலும் அத்தகைய தடை இல்லை. ஆகவே வெற்றிடத்தை உண்டாக்கத் தனியே ஒரு பம்பு வேண்டும். அந்த வெற்றிடம் பிரேக் பூஸ்டருக்குச் செல்கிறது. 23 செ.மீ. குறுக்களவுள்ள பூஸ்டர் தட்டின் பரப்பு ஏறத்தாழ 400 சதுர செ.மீ. ஒரு சதுர செ.மீ.க்கு 0.7 கிலோ அழுத்த வேறுபாடு இருந்தால், 280 கிலோ எடைக்குச் சமமான உதவி ஓட்டுநரின் காலுக்குக் கிடைக்கிறது. பூஸ்டர் ஓய்ந்தால் பிரேக் அற்றுப்போவதில்லை; அந்த உதவிதான் அற்றுப்போகிறது.

ஓசையின் காரணங்கள்

எங்கள் ஜீப்பில் பம்பு ஆல்டர்னேட்டரின் பின்புறம் பொருத்தப்பட்டது. வட்டக்கூட்டினுள் மையம் விலகிச் சுழலும் உருளையில் சில தகடுகள் செருகப்பட்டிருக்கும். சுழலும் வேகத்தில் அவை வெளியே தள்ளப்பட்டு, கூட்டின் சுவரை உரசிக் காற்றை வெளியேற்றும். அவற்றிற்கு உயிர் எஞ்சின் ஆயிலே. அது மெல்லிய குழாய் வழியாக வந்து, தகடுகளின் இடைவெளியை அடைத்துக் காற்று கசியாமல் காத்து, தடித்த குழாய் வழியாகக் கீழ்த்தொட்டிக்குத் திரும்புகிறது.

மெல்லிய குழாய் அடைபட்டால் தகடுகள் துள்ளிச் சுவரில் மோதும், இதுவே ‘கடகட’. தடித்த குழாய் மடங்கினால் பம்புக்குள் ஆயில் தேங்கி இடிக்கும். பேரிங் தேய்ந்தால் ஒரே சீராக இரையும். வெற்றிடக் குழாய் வெடித்தாலோ பூஸ்டரின் ரப்பர் கிழிந்தாலோ பம்பு ஓயாமல் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை

நாங்கள் முதலில் போன பட்டறையில் பேரிங்கை மாற்றினார்கள். ஒரு வாரத்தில் ஓசை திரும்பியது. பிறகு மாமாவும் நானும் ஒழுங்காகத் தேடத் தொடங்கினோம்.

முதலாவது, ஆயில் மட்டம் பார்த்தோம், சரியாக இருந்தது. இரண்டாவது, எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிடம் மட்டும் ஓட்டினோம், ஓசை இல்லை. (தண்ணீர்ப் பம்பையும் அதே பெல்ட் சுழற்றுவதால் நீண்ட நேரம் ஓட்டலாகாது.) மூன்றாவது, பெல்ட்டை மாட்டி, நீண்ட திருப்புளியின் முனையை ஒவ்வோர் இடமாக வைத்து, பிடியைக் காதருகே கொண்டு கேட்டோம். ஆல்டர்னேட்டரின் பின்புறத்தில்தான் ஓசை பெரிது. நான்காவது, வெற்றிட அளவியைப் பம்பிலேயே நேராக மாட்டினோம். பாதரச அளவில் 600 மில்லிமீட்டரைத் தொடவேண்டிய முள் 400ஐத் தாண்டவில்லை. எனவே குறை பூஸ்டரில் அல்ல, பம்பில்தான்.

கடைசியாக மெல்லிய குழாயைப் பம்பின் பக்கம் கழற்றி, ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றினோம். ஆயில் சொட்டுச் சொட்டாகவே வந்தது. இணைப்பு போல்ட்டின் சிறு துளையில் எப்போதோ தடவிய கேஸ்கட் பசை இறுகிக் கிடந்தது! அதை நீக்கினோம், தேய்ந்த தகடுகளை மாற்றினோம், உலோகத்தூள் கலந்திருக்கும் என்பதால் எஞ்சின் ஆயிலையும் மாற்றினோம். ஓட்டுமுன் பம்புக்குள் சிறிது ஆயில் விட்டோம். ஓசை அடங்கியது.

பின்னர் எஞ்சினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து இறுகச் செய்து, காலை எடுக்காமலே எஞ்சினைக் கிளப்பினோம். பெடல் சற்றே கீழிறங்கியது. பூஸ்டர் உயிர்பெற்றதற்கு அதுவே சான்று.

சமவெளியும் மலையும்

விடுதியில் இதைச் சொன்னபோது, சித்தூர் நண்பர் ஒருவர், “எங்கள் காரிலும் இதே ஓசைதான்; ஓர் ஆண்டாக நன்றாகத்தானே ஓடுகிறது?” என்றார். ஓடும்தான். பாலக்காட்டுக் கணவாயின் சமதளச் சாலையில் ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் இடையே நலிந்த பம்பும் வெற்றிடத்தை மீட்டுக்கொள்ளும். மலையிறக்கத்தில் வளைவுக்கு வளைவு மிதிக்கவேண்டும், மீட்க நேரமில்லை. மேலும், கடல்மட்டத்தில் 760 மில்லிமீட்டராக உள்ள காற்றழுத்தம், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரமுள்ள மூணாற்றில் 635 அளவே. பூஸ்டரைத் தள்ளும் காற்றே அங்கு ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆகவே மலைமேல் அளவி சற்றுக் குறைத்துக் காட்டினால் நல்ல பம்பையும் பழிக்கலாகாது. நலிந்த பம்பை நம்பி மலையேறவும் ஆகாது.

நண்பர் இந்த விடுமுறையில் குடும்பத்துடன் மூணாறு போகிறாராம். புறப்படுமுன் அந்த மெல்லிய குழாயைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஓசையெழுப்பும் பழைய டீசல் வண்டி வைத்திருக்கும் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.