பூட்டிய எழுத்து

குன்னம்,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளைக்கு உன் மாமா ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். அத்தைக்கு மட்டும் இந்தப் பனியில் முழங்கால் வலி விட்டபாடில்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து உன் அம்மாவிடம் நீ சொல்லிக்கொண்டிருந்த விஷயம் என் காதிலும் விழுந்தது. நாட்டுப் பாடல்கள், கோயில் கதைகள், கிடைக்காமற்போன பழைய புத்தகங்கள் இவற்றையெல்லாம் ஊர் ஊராகச் சேகரித்து, ஒரே செயலிக்குள் வைத்து, மாதச் சந்தா கட்டுகிறவர்களுக்கு மட்டும் காட்டப்போகிற புதுக் கம்பெனி ஒன்று உன்னை அழைத்திருக்கிறது என்றும், இப்போதைய சம்பளத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தருகிறார்கள் என்றும், தை முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும் என்றும் சொன்னாய். உன் அம்மா பூரித்துப்போனாள். பண்டிகை நாளில் வாதம் எதற்கு என்று நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்றிரவு வெகுநேரம் உன் அறையில் வெளிச்சம் இருந்ததையும், விடியற்காலையில் நீ கண் சிவந்து கிணற்றடிக்கு வந்ததையும் கண்ட பிறகு, மனம் நிறைந்த பிள்ளை இப்படி இருக்கமாட்டானே என்ற நினைவு என்னை விட்டு அகலவில்லை. முடிவு செய்யவேண்டியவன் நீதான். உன் தொழில் உனக்குத் தெரியும். நான் எழுதுவது ஒரு வயோதிகனின் அபிப்பிராயம் என்றே எடுத்துக்கொள்.

மறுநாள் வயல் வரப்பில் நடக்கும்போது என்னிடம் இரண்டு சங்கதி சொன்னாய். இணையப் பக்கம் என்பது இனிப் பழங்கதை, எல்லாம் செயலிதான் என்றாய். கோப்பு என்று ஒன்று இருப்பதையே ஜனங்கள் மறந்துவிடுவார்கள், எல்லாம் கிளவுடில் இருக்கும், கேட்டபோது கைக்கு வரும் என்றாய். சௌகரியத்தை நான் இகழவில்லை. உத்தியோக காலம் முழுவதும் சிட்டாவும் அடங்கலும் பார்த்தவன் நான். ஒரு பட்டா நகலுக்காகக் கிழவர்கள் பஸ் ஏறித் தாலுகா ஆபீஸ் வாசலில் பகல் முழுவதும் காத்துக்கிடந்ததை அறிவேன். இன்று அதே நகலை, ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்ற அரசாங்கத்தின் இணையப் பக்கத்தில், மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்து, நம் தெருப் பையன் ஒரு பழைய போனிலேயே எடுத்துத் தருகிறான். அதைத் திறக்க இன்ன கம்பெனியின் போன்தான் வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை, சந்தா இல்லை, செயலி இல்லை என்பதைக் கவனி. பழங்கதை என்று நீ தள்ளிய பக்கந்தான் அந்தக் காரியத்தைச் செய்கிறது. 1993 ஏப்ரல் 30ஆம் தேதி, ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக்கூடம், டிம் பெர்னர்ஸ் லீ அங்கே உருவாக்கிய இந்த இணைய வலையை யாருக்கும் காசு கட்டாமல் யாரும் உபயோகிக்கலாம் என்று உலகத்துக்கே விட்டுக்கொடுத்தது. நீ படித்துச் சம்பாதிப்பது அந்தத் தர்மத்தின் நிழலில்தான்.

தாத்தாவின் பாட்டு நோட்டுக்கு நேர்ந்த கதி உனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அதைச் சொல்லாமல் மேலே போக என் மனம் இடங்கொடுக்கவில்லை. கும்மியும் மழைப்பாட்டும் தாலாட்டுமாக அவர் வாயால் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதிவைத்த நோட்டுகளைக் கரையான் தொடுவதற்கு முன் அழியாத ரூபத்தில் வைத்துவிடவேண்டும் என்று, பெரம்பலூரில் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து முழுவதும் அடித்து வாங்கினோம். அவர்கள் வைத்திருந்த தமிழ் மென்பொருள் ஒரு தனிப்பட்ட கம்பெனியுடையது. கம்ப்யூட்டரின் முதுகில் கட்டைவிரல் அளவு ஒரு பூட்டைச் செருகினால்தான் அது இயங்கும். சில வருஷங்களில் அந்தப் பூட்டுப் பழுதாயிற்று. கம்பெனிக்குக் கடிதம் எழுதினால், புதுப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். வாங்கினால், புதுப் பதிப்பு பழைய கோப்பைத் திறக்காது என்றார்கள். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியே இல்லாமற்போயிற்று. நோட்டுகளைக் கரையான் தின்றது. உன் அம்மாவின் கையெழுத்தில் ‘அப்பா பாட்டு’ என்று ஒட்டியிருக்கும் பிளாப்பிகள்தான் மிச்சம். சென்ற தீபாவளிக்கு அதைப் படிக்க எங்கிருந்தோ ஒரு கருவி கொண்டுவந்து நீ திறந்தபோது, திரை நிறைய ஐரோப்பிய எழுத்துகளும் பின்னக் குறிகளும் கேள்விக்குறிகளுமாக வந்தன. எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக ஊகித்து, கொம்பு முன்னும் பின்னும் மாறி விழுந்ததைத் திருத்தி, விடிய விடிய நீ உழைத்தும் சில அடிகள்தாம் மீண்டன. அவற்றை வாசித்துக் காட்டியபோது உன் அம்மா அழுதாளே, அதைப் பார்த்துவிட்டா, மாப்பிள்ளை, பிறர் வீட்டுத் தாத்தாக்களின் பாட்டுகளை ஒரு பூட்டுக்குள் கொண்டுபோய் வைக்கப் புறப்படுகிறாய்?

குறை எங்கே இருந்தது என்பதை அன்று நீயே எனக்கு விளக்கினாய். அதை இன்று உனக்கே திருப்பிச் சொல்கிறேன். கோப்புக்குள் எழுத்து கிடையாது, எண்கள்தாம் உண்டு. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி ஏதோ ஓர் எண்ணுக்கு ‘க’ என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த ரகசியத்தைத் தன் எழுத்துருவிலேயே புதைத்து வைத்தது. எழுத்துரு போனால் அர்த்தமும் போயிற்று. உலகத்துக்கே பொதுவான ஒருங்குறியிலோ ‘க’ என்றால் 2965. குன்னத்திலும் 2965, டொரொண்டோவிலும் 2965. இந்த ஒற்றுமை தானாக வந்துவிடவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாட்டில் அறிஞர்கள் விவாதித்து ஒரு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் வழி வகுத்தார்கள். 2010இல் அரசாங்கம் ஒருங்குறிக்கு ஆணை பிறப்பித்தது. அதற்கெல்லாம் முன்பே, 1998 பொங்கலன்று, சுவிட்ஸர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற விஞ்ஞானி மதுரைத் திட்டத்தை ஆரம்பித்து, பல தேசங்களிலிருந்த தமிழர்கள் கூலி வாங்காமல் பழைய நூல்களைத் தட்டெழுதிச் சேர்த்தார்கள். அவர்கள் உபயோகித்த திஸ்கி என்ற குறியேற்றமும் வழக்கொழிந்துவிட்டது. ஆனால் எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணையை அவர்கள் ஊரறிய வெளியிட்டிருந்தபடியால், அந்த நூல்கள் ஒருங்குறிக்கு மாறி இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. நம் தாத்தாவின் பாட்டும் அதே காலத்தில் அடிக்கப்பட்டதுதான். அது மாண்டது, இவை பிழைத்தன. இதற்குமேல் எனக்கு என்ன சாட்சியம் வேண்டும்?

உ. வே. சாமிநாதையர் பெயரை நான் எடுத்தால் நீ புன்னகை செய்வாய் என்பது தெரியும். ஆனாலும் நம் மண்ணில் வளர்ந்த பிள்ளை அவர். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழின் ருசியை முதலில் அறிந்து, இந்தக் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடங்கேட்டு, கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூலும், நம் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் காரிகையும் கற்று, பிள்ளையின் படிப்புக்காகவே தகப்பனார் வேங்கடசுப்பையர் ஊர் ஊராகக் குடிபெயர, அந்தத் தரித்திர யாத்திரையில் உருவானவர்தாம் 1887இல் சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றிக் கொடுத்தார். அவர் தேடிப்போன ஏடுகளை வைத்திருந்தவர்கள் எல்லோரும் மனமுவந்து கொடுத்தார்களா? இல்லை. பெட்டியில் பூட்டிவைத்துப் பூஜை செய்தவர்களும் உண்டு. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டு அவர் நெஞ்சு பதறியதும் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தைக் கிரகித்துக்கொள். அன்று பூட்டு பெட்டியில் இருந்தது, எழுத்தில் இல்லை. பெட்டியைத் திறந்து ஏட்டை எடுத்துவிட்டால், தமிழ் படிக்கத் தெரிந்த எவனும் படிக்கலாம், படியெடுக்கலாம், இன்னோர் ஊர்ப் பிரதியோடு ஒப்புநோக்கலாம். அந்த ஏடுகள் எல்லாம் உன் புதுக் கம்பெனியின் செயலிக்குள் இருந்திருந்து, கம்பெனியும் நொடித்திருந்தால், ஐயருக்கு ஒப்புநோக்க என்ன கிடைத்திருக்கும்?

நொடிக்காத பெரிய ஸ்தாபனம் என்பாய். யாஹூவைவிடப் பெரிய பெயர் ஒரு காலத்தில் இருந்ததா? மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று தமிழ் இலக்கியம் பேசியவர்கள் அதன் குழுமங்களில்தாம் கூடினார்கள். 2019 கடைசியில் பழைய மடல்களை நீக்கி, 2020 டிசம்பரில் அது குழுமங்களையே மூடிவிட்டது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்காவது உத்தரவாதம் உண்டா என்றால், 2009 ஜூலையில் அமேசான், உரிமைத் தகராறு ஒன்றைக் காரணம் காட்டி, ஜார்ஜ் ஆர்வெல் நாவலை வாங்கியவர்களின் கிண்டில் கருவிக்குள்ளிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிற்பாடு மன்னிப்புக் கேட்டது. அச்சுப் புத்தகக் கடைக்காரன் ராத்திரியில் வீடு புகுந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப்போக முடியுமா? 2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்குக்குத் தடை வந்தபோது நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடியதும் பாடியதும் மறுநாளே கண்ணுக்கு மறைந்தன. தடை நியாயமா என்பது வேறு விஷயம். இன்னொருவன் முற்றத்தில் போட்ட கோலத்தை அவன் கழுவினால் கேட்க நாதியில்லை என்பதே என் வருத்தம்.

ஆகவே உன் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் கௌரவமான வழிகள்தாம். ஒன்று, இப்போதிருக்கும் வேலையில் நீடித்து, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும் பக்கங்களைச் செய்வது. இரவில் தூக்கம் வரும், பெரியவர்கள் பெயருக்கும் களங்கமில்லை. மற்றொன்று, நம் ஊர்க் கிழவிகளின் தாலாட்டை அவர்களுடைய பேத்திகளுக்கே மாதச் சந்தாவுக்கு விற்பது. எதைத் தேர்ந்தாலும் எனக்குச் சம்மதமே. இரண்டாவதற்குத்தான் போவதென்றால், கையெழுத்துப் போடுமுன் அவர்களிடம் சில கேள்விகளைத் தயங்காமல் கேள். சேகரிக்கும் உரை ஒருங்குறியில் சாதாரணக் கோப்பாகவும் இருக்குமா? பாடியவருக்கும் அவர் வாரிசுக்கும் காசில்லாமல் ஒரு பிரதி உண்டா? ஒலிப்பதிவுகளில் ஒரு படி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைப் போன்ற பொது ஸ்தாபனத்துக்குப் போகுமா? கம்பெனியை மூடினால் அத்தனையையும் பொதுவில் விட்டுவிடுவதாக எழுதிக் கொடுப்பார்களா? சம்மதிப்பவர்கள் என்றால் நானே உன்னை அனுப்பிவைக்கிறேன். சிரித்து மழுப்பினால், இரட்டிப்புச் சம்பளம் எதற்காகத் தருகிறார்கள் என்பதை நீயே யோசித்துக்கொள். அம்மாவின் கடனை நினைத்துத்தான் நீ சலனப்படுகிறாய் என்றால், அந்தப் பாரத்தை உன் தலையில் மட்டும் போட்டுக்கொள்ளாதே. மேட்டுக்காட்டு மக்காச்சோளம் இந்த வருஷம் மோசமில்லை. நாம் பேசிக்கொள்ளலாம்.

நீளமாக எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நம் குடும்பத்தில் உன்னைப்போல் புத்திசாலிப் பிள்ளை பிறந்ததில்லை என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் நான் சொல்வதை அத்தை கேட்டு அலுத்துவிட்டாள். எந்த வேலைக்குப் போனாலும் நீ எங்கள் பிள்ளை. நான் எழுதியதெல்லாம் தவறாகவே இருக்கட்டும், நீ சௌக்கியமாக இருந்தால் எனக்குப் போதும். கண்ணைப் பரிசோதித்துக்கொள், ராத்திரி சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஊரிலிருந்து வரும் தம்பியிடம் சின்ன வெங்காயமும், அத்தை இடித்த மிளகாய்த்தூளும், உனக்குப் பிடித்த முறுக்கும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முறுக்கை அறையில் உள்ளவர்களுக்கும் கொடு. அடுத்த முறை வரும்போது திங்களோ வெள்ளியோ சேர்ந்தாற்போல் வா. மற்ற நாளில் சிறுவாச்சூர்க் கோயிலில் பெரும்பாலும் நடை திறக்கமாட்டார்கள். அம்மனைப் பார்த்துவிட்டு, அப்படியே சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்த்துவரலாம். சின்ன வயதில் உன்னைத் தோளில் வைத்துக் காட்டியது உனக்கு நினைவிருக்காது. புறப்படும் முன் போன் செய், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் என்றும் பிரியமுள்ள
மாமா.